இலைக்குள் மருந்து எங்கே இருக்கிறது?

துளசிச் செடியைக் கடக்கும்போது உடுத்திய துணி உரசினாலே மணம் எழுகிறது. வில்வ இலைக்கு உரசல் போதாது, கசக்க வேண்டும். எருக்கிலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. ஆடாதோடையில் பெரிதாக மணமும் இல்லை, பாலும் இல்லை. மென்றால்தான் கசப்பு நாக்கில் ஏறுகிறது. நான்குமே மூலிகை இலைகள்தான். ஆனாலும் ஒவ்வொன்றும் தன் சரக்கை வெளியே விடும் முறை வேறு. ஒவ்வொரு செடியும் தன் வேதிப்பொருளை இலையின் வேறுவேறு இடத்தில் வைத்திருப்பதே இதற்குக் காரணம்.

ஓர் இலையில் என்ன மருந்துப்பொருள் இருக்கிறது, எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். ஆய்வகமும் இலையை அரைத்துக் கரைப்பானில் ஊறவைத்து அந்த இரண்டுக்கும் விடை தருகிறது. அரைத்த கணத்தில் மூன்றாவது கேள்வி அழிந்துபோகிறது: அந்தப் பொருள் எந்தத் திசுவில், எந்தச் செல்லில், செல்லின் எந்த அறையில் இருந்தது? இலையை எப்போது பறிப்பது, எப்படி உலர்த்துவது, நீரில் காய்ச்சுவதா எண்ணெயில் இறக்குவதா என்ற நடைமுறைக் கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. தாவர உள்ளமைப்பியலும் உயிர்வேதியியலும் இதுவரை கண்டறிந்தவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

இலையின் அடுக்குகள்

பெரும்பாலான இலைகளின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் மேலும் கீழும் புறத்தோல். அதன் வெளிப்பக்கம் மெழுகு கலந்த கியூட்டிக்கிள் படலம். இரண்டு புறத்தோல்களுக்கும் நடுவே பச்சையம் நிறைந்த இலையிடைத்திசு. அதை ஊடுருவிச் செல்லும் நரம்புகளில் நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் புளோயமும். செல் ஒவ்வொன்றின் உள்ளேயும் நடுவில் பெரிய நீர்ப்பை ஒன்று உண்டு. பாடநூல்கள் நுண்குமிழ்ப்பை என்று சொல்லும் வாக்குவோல் அது.

மருந்துப்பொருள்கள் இந்த அடுக்குகளில் சீராகப் பரவியிருப்பதில்லை. செடியின் அன்றாட வாழ்வுக்குத் தேவையான சர்க்கரையும் புரதமும் எல்லாச் செல்களிலும் இருக்கும். ஆனால் பூச்சியை விரட்டவும் பூஞ்சையைத் தடுக்கவும் செடி செய்துகொள்ளும் இரண்டாம்நிலை வேதிப்பொருள்கள் குறிப்பிட்ட சில செல்களில் மட்டும் உருவாகி, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் சேர்கின்றன. மனிதர் மருந்தாகக் கொள்பவை பெரும்பாலும் இவைதான். ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தின் ஆபிரகாம் ஃபான் 1979இல் வெளியிட்ட தாவரச் சுரப்புத் திசுக்கள் பற்றிய நூல், இந்த இடங்களின் வகைகளை முறைப்படுத்திக் காட்டியது. அவற்றை இலையின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிப் பார்ப்போம்.

இலையின் மேல்: சுரப்புத்தூவிகள்

துளசி, புதினா, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சிலை, நொச்சி ஆகிய ஐந்தும் ஒரே குடும்பம், லேமியேசி. இவற்றின் மணம் இலைக்குள் இல்லை; இலையின் மேல் இருக்கிறது. புறத்தோலிலிருந்து எழும் நுண்ணிய தூவிகளில் சில வெறும் மயிர்கள், சில சுரப்பிகள். சுரப்புத்தூவியின் அடியில் ஓர் அடிச்செல், அதன்மேல் குட்டையான காம்பு, உச்சியில் சுரக்கும் செல்களின் தட்டு. மிளகுப்புதினாவின் பெரிய தூவியில் எட்டுச் சுரப்புச் செல்களும் துளசி இனத்தில் நான்கும் வட்டமாக அமைந்திருக்கும். இந்தச் செல்கள் செய்யும் எண்ணெய் அவற்றுக்குள் தங்குவதில்லை. செல்சுவரைக் கடந்து வெளியே வருகிறது. சுவருக்கு மேலே இருக்கும் கியூட்டிக்கிள் படலம் சுவரிலிருந்து பிரிந்து உப்பிக்கொள்ள, நடுவில் உண்டாகும் இடைவெளியில் எண்ணெய் நிறைகிறது. அந்தப் படலத்தைத் தவிர வேறு மூடி இல்லை. துணி பட்டதும் படலம் கிழிந்து மணம் எழுவது அதனால்தான்.

எண்ணெய் அங்கே சேர்கிறது என்பது வேறு. அங்கேயே உருவாகிறது என்பது வேறு. இரண்டாவதை நிறுவச் சுரப்புச் செல்களைத் தனியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் குழு, புதினா இலைகளை நுண்ணிய கண்ணாடி மணிகளோடு குலுக்கித் தூவிகளை மட்டும் உரித்தெடுக்கும் முறையை வகுத்தது. அப்படிப் பிரித்த செல்களிலேயே மெந்தால் தயாரிக்கும் நொதிகள் எல்லாம் இருந்தன. அவையும் ஓரிடத்தில் இல்லை. தொடக்கப் படிகள் பச்சையமில்லாத கணிகத்திலும், அடுத்தது எண்டோபிளாச வலைப்பின்னலிலும், இன்னொன்று மைட்டோகாண்டிரியாவிலும், மீதி சைட்டோபிளாசத்திலும் நடக்கின்றன. ஒரே செல்லுக்குள் நான்கு அறைகளைக் கடந்துதான் மெந்தால் உருவாகிறது.

இந்த ஆய்வுகள் உழவருக்கும் ஒரு செய்தி சொல்கின்றன. புதினா இலையின் எண்ணெய் உற்பத்தி இலை பிறந்த 12ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் உச்சத்தில் இருந்து, பிறகு தணிந்துவிடுகிறது. முற்றிய இலையில் புதிய எண்ணெய் ஏறக்குறைய உருவாவதில்லை. இருப்பது காக்கப்படுகிறது அல்லது மெல்ல இழக்கப்படுகிறது.

சுரப்புத்தூவியின் மருத்துவ முக்கியத்துவத்தை உலகுக்குக் காட்டிய செடி, நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஆர்ட்டிமீசியா ஆனுவா. வியட்நாம் போர்க்காலத்தில் 1967 மே 23 அன்று மலேரியா மருந்து தேடிச் சீனா தொடங்கிய இரகசியத் திட்டத்தில் ஆய்வாளர் தூ யூயூ சேர்ந்தார். கொதிநீரில் எடுத்த சாறு ஏமாற்றியது. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங், ஒரு பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்ட தூ யூயூ, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கரைப்பானாக்கினார். 1971இல் ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்து பிடிபட்டது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஈதர் ஏன் வென்றது என்பதற்கான உள்ளமைப்பியல் விளக்கம் பின்னால் வந்தது. 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள், சுரப்புத்தூவி உள்ள செடிகளையும் தூவியே இல்லாத ஒரு வகையையும் ஒப்பிட்டார்கள். தூவி இல்லாத இலையில் ஆர்ட்டிமிசினின் இல்லை. தூவியுள்ள இலையைச் சில விநாடிகள் குளோரோஃபார்மில் முக்கி எடுத்ததிலேயே அதன் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. இலையின் உட்செல்கள் சிதையவில்லை. மருந்து முழுவதும் இலையின் மேற்பரப்பில், பத்துச் செல்கள் இரண்டு வரிசையாக அடுக்கிய நுண்தூவிகளின் படலத்தடியில் இருந்தது. கொழுப்பை விரும்பும் அந்தப் பொருளைக் கரைப்பதில் நீரைவிட ஈதர் மேல். கொதிநீரின் வெப்பமோ அதைச் சிதைத்துவிடும். ஆர்ட்டிமிசினின் உருவாகும் கடைசிப் படிக்கு நொதிகூட வேண்டியதில்லை. படலத்தடியில் சேரும் முன்னோடிப் பொருள் ஒளியாலும் ஆக்சிஜனாலும் தானாகவே ஆர்ட்டிமிசினினாக மாறுகிறது. அந்த இலையைத் தேநீராகக் குடிப்பதை மலேரியாவுக்கு மருந்தாக உலக சுகாதார நிறுவனம் ஏற்காததையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். கிடைக்கும் அளவு நிலையாக இராது. குறைந்த அளவு, நோய்க்கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளரவும் வழிவிடும்.

இலையின் உள்ளே: எண்ணெய் அறைகள்

எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை ரூட்டேசி குடும்பம். இவற்றின் இலையை வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் ஊசியால் குத்தியது போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். மிர்ட்டேசி குடும்பத்துக் கொய்யா, நாவல், தைலமரம் ஆகியவற்றிலும் அதே புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் இலையிடைத்திசுவுக்குள் புதைந்த கோள வடிவ அறை, அதைச் சுற்றிச் சுரப்புச் செல்களின் வரிசை, நடுவில் எண்ணெய்.

இந்த அறை எப்படி உண்டாகிறது என்பது நீண்டநாள் விவாதம். செல்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி இடம் விடுகின்றன என்றது ஒரு தரப்பு. செல்கள் தாமே கரைந்து அழிந்து குழியாகின்றன என்றது மறுதரப்பு. எலுமிச்சைக் குடும்பத்துக்கு இரண்டாவது விளக்கமே பல பாடநூல்களில் நிலைத்திருந்தது. 1998இல் வெளிவந்த மறு ஆய்வு ஒன்று, கரைந்ததாகத் தெரிந்த செல்கள் உண்மையில் நுண்ணோக்கிக்காகத் திசுவைப் பதப்படுத்தியபோது வீங்கிச் சிதைந்தவை என்று காட்டியது. கவனமாகப் பதப்படுத்தினால் செல்கள் விலகியே அறை உருவாவது தெரிகிறது. கருவியும் கரைசலும் உண்டாக்கிய தோற்றத்தை இயற்கை என்று எண்ணிவிடும் ஆபத்து இத்துறையில் எப்போதும் உண்டு.

புதைந்த அறைக்கும் மேற்பரப்புத் தூவிக்கும் உள்ள வேறுபாடு தொழிலில் நேராகத் தெரியும். நீலகிரியில் தைலம் காய்ச்சுவோர் மரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த இலைகளைப் பொறுக்கி வந்தே காய்ச்சுகிறார்கள். இலை உதிர்ந்த பின்னும் அறைக்குள் சினியோல் எண்ணெய் தங்கியிருப்பதால்தான் அது கட்டுப்படியாகிறது. புதினாவையோ துளசியையோ அப்படித் தரையில் காயவிட்டு, மிதித்து, அள்ளி, மூட்டை கட்டினால் படலம் கிழிந்த தூவிகளிலிருந்து மணம் காற்றோடு போய்விடும். கறிவேப்பிலையைக் காயும் எண்ணெயில் போட்டுத் தாளிப்பதும் இந்த அறைகளைத் திறக்கும் வேலைதான். வெப்பம் அறையை உடைக்கிறது. எண்ணெயில் கரையும் பொருளை எண்ணெயே வாங்கிக்கொள்கிறது.

தனித்து நிற்கும் செல்கள்

சில இலைகளில் அறை இல்லை, தூவியும் பெரிதாக இல்லை. சாதாரணச் செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு வகைச் செல்கள் நிற்கும். தாவரவியலார் இவற்றை இடியோபிளாஸ்ட் என்கிறார்கள். வெற்றிலை, மிளகு ஆகியவற்றின் பைப்பரேசி குடும்பத்திலும் இலவங்கப்பட்டை மரத்தின் லாரேசி குடும்பத்திலும் இவை எண்ணெய்ச் செல்கள். லாரேசியில் இவற்றின் சுவருக்குள் தக்கைப்பொருளான சூபரின் அடுக்கு ஒன்று இருக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் அண்டைச் செல்களுக்குக் கசியாமல் அது தடுக்கிறது.

இலங்கையின் இலவங்க மரம் இங்கே நல்ல சான்று. அதன் பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு மிகுதி; இலை எண்ணெயில் யூஜினால் மிகுதி; வேர்ப்பட்டை எண்ணெயில் கற்பூரம் மிகுதி. எந்த உறுப்பின் எண்ணெய்ச் செல்லில் எந்த நொதி வேலை செய்கிறதோ அதற்கேற்ற பொருள். இலவங்க எண்ணெய் என்று பொதுவாகச் சொல்லி வாங்குபவருக்கு இலை எண்ணெயும் கிடைக்கலாம், பட்டை எண்ணெயும் கிடைக்கலாம். இரண்டும் வேறு சரக்கு.

எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் எங்கே இருக்கிறது என்பதை 1998இல் ஒரு குழு எளிமையாகக் கண்டறிந்தது. சிட்ரால் ஓர் ஆல்டிஹைடு. ஷிஃப் கரைசல் ஆல்டிஹைடைக் கண்டால் சிவந்து நிறம் காட்டும். புல்லின் குறுக்குவெட்டில் அந்தக் கரைசலை விட்டபோது இலையிடைத்திசுவில் தனித்தனிச் செல்கள் மட்டும் நிறம் ஏறின. அவற்றின் சுவர்கள் லிக்னின் ஏறித் தடித்திருந்தன. கடினமான சுவருக்குள் அடைபட்ட எண்ணெய் என்பதால் எலுமிச்சைப்புல்லைத் தொட்டால் மணம் சற்றே வரும். கசக்கினால் பெருகி வரும்.

கற்றாழையும் பால்குழல்களும்

சோற்றுக்கற்றாழை மடலை அறுத்து நிறுத்தினால் முதலில் மஞ்சள் நீர் வடிகிறது. தோலைச் சீவினால் உள்ளே கண்ணாடி போன்ற சோறு. இரண்டும் ஒரே மடலில், சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தும் மருத்துவ இயல்பில் முற்றிலும் வேறானவை. பச்சைத் தோலுக்கு அடியில் வரிசையாக ஓடும் நரம்புக்கற்றைகளின் புளோயப் பக்கத்தில், மெல்லிய சுவருடைய பெரிய செல்கள் இருக்கின்றன. அலோயின் என்ற கடும்பேதிப் பொருள் அவற்றில் இருக்கிறது. நடுச்சோற்றில் இருப்பது பெரும்பகுதி நீர். அதோடு அசிமானன் போன்ற பலகூட்டுச் சர்க்கரைகள். மஞ்சள் நீரை வடித்து உலர்த்தினால் அது கரியபோளம். சோற்றை எடுத்தால் அது குளிர்ச்சி தரும் உணவும் பூச்சும்.

சோற்றை ஏழு முறை நீரில் அலசச் சொல்லும் நம் வழக்கத்துக்கு இதில் தெளிவான காரணம் கிடைக்கிறது. தோலைச் சீவும்போது கத்தி அலோயின் செல்களை வெட்டியே தீரும். ஒட்டிய மஞ்சள் நீரைக் கழுவித்தான் நீக்க வேண்டும். அலோயின் கலந்த பேதி மருந்துகளைப் பாதுகாப்புச் சான்று போதாமல் கடைகளில் நேரடியாக விற்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் நிறுத்தியது. முழு மடலையும் அரைத்துப் புட்டியில் அடைத்த சாற்றுக்கும் சோற்றை மட்டும் எடுத்த சாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

எருக்கு, அம்மான் பச்சரிசி, பப்பாளி ஆகியவற்றில் பால் ஓடுவது பால்குழல்களில். இவை நரம்புகளோடு ஒட்டி இலை முழுக்கக் கிளைக்கும் நீண்ட உயிர்ச் செல்கள் அல்லது செல் தொடர்கள். உள்ளே எப்போதும் அழுத்தம் உண்டு. ஓரிடத்தில் கிள்ளினால் பால் அங்கே பாய்வது அதனால். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைடு நஞ்சுகள் செறிந்திருக்கின்றன. இந்த அமைப்பை நம்மைவிட நன்றாக அறிந்தவை எருக்கைத் தின்று வளரும் வரியன் வகைப் பட்டாம்பூச்சிப் புழுக்கள். அவை இலையைத் தின்னும் முன் நரம்பைக் கடித்து அறுக்கின்றன. பால் அந்த வெட்டில் வடிந்துவிட, அப்பால் உள்ள பகுதியில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பிறகு அங்கே உட்கார்ந்து மேய்கின்றன.

சாதாரணச் செல்லின் நீர்ப்பை

தனி உறுப்பு எதுவும் இல்லாத இலைகளிலும் மருந்து உண்டு. அங்கே கிடங்கு நுண்குமிழ்ப்பைதான். நீரில் கரையும் பொருள்கள், சர்க்கரை இணைந்த கிளைக்கோசைடுகள், ஃபிளேவனாய்டுகள், டானின்கள், பல ஆல்கலாய்டுகள் ஆகியவை இதில் சேர்கின்றன. ஆல்கலாய்டு இங்கே சிக்கும் விதம் எளிய வேதியியல். நுண்குமிழ்ப்பையின் நீர், வெளியில் உள்ள சைட்டோபிளாசத்தைவிட அமிலத்தன்மை கூடியது. மின்னேற்றம் இல்லாத ஆல்கலாய்டு மூலக்கூறு சவ்வைக் கடந்து உள்ளே போகும். அமிலத்தில் மின்னேற்றம் பெற்றுவிடும். பிறகு அதே சவ்வைக் கடந்து வெளியே வர முடியாது. இதோடு சவ்விலுள்ள கடத்திப் புரதங்களும் வேலை செய்கின்றன. புகையிலை இலையில் நிகோட்டினை நுண்குமிழ்ப்பைக்குள் ஏற்றும் புரதம் அடையாளம் காணப்பட்டிருக்கிறது.

இலையில் இருப்பது இலையில் உருவானது என்று கொள்ள முடியாது என்பதையும் புகையிலைதான் நிறுவியது. 1942இல் ரே டாசன், புகையிலை வேர்மீது தக்காளியை ஒட்டுக்கட்டினார். தக்காளி இலையில் நிகோட்டின் சேர்ந்தது. தக்காளி வேர்மீது ஒட்டிய புகையிலையிலோ நிகோட்டின் சேரவில்லை. வேர் செய்கிறது, சைலம் ஏற்றுகிறது, இலை வைத்துக்கொள்கிறது. ஊமத்தையின் ஆல்கலாய்டுகளும் அப்படியே, வேரில் பிறந்து இலைக்கு வருபவை. இத்தகைய செடிகளில் இலையின் மருந்தளவு மண்ணையும் வேரின் நலத்தையும் பொறுத்து மாறும்.

சில செடிகள் நஞ்சைச் செய்து வைப்பதே இல்லை. பாதி செய்த பொருளை ஓரிடத்திலும் அதை உடைக்கும் நொதியை வேறிடத்திலும் வைக்கின்றன. இளஞ்சோளப் பயிரில் டூரின் என்ற பொருள் புறத்தோல் செல்களின் நுண்குமிழ்ப்பையில் இருக்கிறது. அதைப் பிளக்கும் நொதி உள்ளே இலையிடைத்திசுவில் இருக்கிறது. மாடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது என்ற உழவர் எச்சரிக்கையின் உள்ளமைப்பியல் இதுதான். முருங்கைக்கீரையின் குளுக்கோசினோலேட்டுகளும் மைரோசினேஸ் நொதியும் இதே இலக்கணப்படி அரைக்கும்போதே சேர்ந்து காரப்பொருளைத் தருகின்றன. மருதாணியின் நிறமும் பச்சை இலையில் ஆயத்தமாக இல்லை. சர்க்கரை இணைந்த முன்னோடியாக இருந்து, இலையை அரைத்த பிறகே லாசோனாக மாறுகிறது. இப்படிப்பட்ட இலைகளில் இலையை எவ்வளவு அரைத்தோம், எவ்வளவு நேரம் வைத்தோம், எப்போது சூடேற்றி நொதியை நிறுத்தினோம் என்பவையே மருந்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

நித்தியகல்யாணி: தீராத வழக்கு

இந்தத் துறையின் எல்லாச் சிக்கல்களும் ஒருங்கே சேரும் இலை நித்தியகல்யாணி. 1950களின் இறுதியில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தார்கள். அதுவும் வின்கிரிஸ்டினும் இன்றும் இரத்தப் புற்றுநோய் உள்ளிட்ட பல புற்றுநோய்களுக்கு மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலை வேண்டும். மருந்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளான காதராந்தினும் விண்டோலினும் இலையில் தாராளமாக இருந்தும், அவை இணைந்த வின்பிளாஸ்டின் ஏன் இவ்வளவு அரிது?

1999இல் வின்சென்ட் டி லூக்காவின் குழு, இந்த ஆல்கலாய்டின் உற்பத்தி பல வகைச் செல்களில் பங்கிடப்பட்டிருப்பதைக் காட்டியது. நடுப்படிகள் புறத்தோலில், விண்டோலினின் கடைசிப் படிகள் பால்குழல்களிலும் இடியோபிளாஸ்டுகளிலும். முதற்படிகள் புளோயத்தை ஒட்டிய பாரன்கைமா செல்களில் என்பது அடுத்து வந்த ஆய்வுகளில் தெளிவானது. 2010இல் அதே குழு, காதராந்தின் இலையின் மேற்பரப்பு மெழுகில் திரள்கிறது என்றும் விண்டோலின் இலைக்குள் இருக்கிறது என்றும் அறிவித்தது. ஒன்று வெளியே, ஒன்று உள்ளே, அதனால் சந்திப்பதில்லை. விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது.

2023இல் தனிச்செல் ஆய்வு வேறு படத்தைத் தந்தது. இலையைச் செல்செல்லாகப் பிரித்து ஒவ்வொன்றின் வேதிப்பொருளையும் அளந்தபோது, காதராந்தினும் விண்டோலினும் ஒரே இடியோபிளாஸ்ட் செல்லுக்குள் செறிந்திருப்பது தெரிந்தது. அப்படியானால் தடை எங்கே? இரண்டையும் இணைக்கும் பெராக்சிடேஸ் நொதியின் அளவிலா, செல்லுக்குள் அறை பிரிந்திருப்பதிலா என்று கேள்வி இன்னும் உள்ளே நகர்ந்திருக்கிறது. மேற்பரப்பு மெழுகில் கிடைத்ததும் தனிச்செல்லில் கிடைத்ததும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் கருதவில்லை. கரைப்பானில் முக்கும் முறை ஒன்றைப் பார்த்தது. செல்லைப் பிரிக்கும் முறை மற்றொன்றைப் பார்த்தது. முறைக்கு எட்டியதே விடையாகிறது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆகவே முறைகளைப் பற்றிச் சில சொற்கள். மிகப் பழைய வழி, பச்சை இலையைச் சவரக்கத்தியால் மெல்லச் சீவி நிறமேற்றுவது. எண்ணெய்க்குச் சூடான் சாயம் சிவப்பு தரும். 1964இல் வகுத்த நாடி வினைபொருள் டெர்பீன் எண்ணெய்க்கு நீலம் தரும். பீனால்களுக்கு ஃபெரிக் குளோரைடு கருமை தரும். ஆல்கலாய்டுக்கு டிராகன்டார்ஃப், வேக்னர் வினைபொருள்கள் செம்பழுப்பு தரும். செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். குறைகள் இரண்டு. ஆல்கஹாலில் பதப்படுத்திய இலையில் எண்ணெய் கரைந்து போயிருக்கும். வெட்டிய செல்லிலிருந்து கசிந்த பொருள் பக்கத்துச் செல்லை நனைத்துப் பொய்ச்சாட்சி சொல்லும். ஆகவே பச்சை வெட்டும், சாயமில்லாத ஒப்பீட்டு வெட்டும், கரைப்பானில் கழுவிய வெட்டும் மூன்றும் இல்லாத முடிவை நம்புவதற்கில்லை.

புதிய முறைகளில் லேசரால் குறிப்பிட்ட செல்களை மட்டும் வெட்டியெடுப்பது ஒன்று. இலைப்பரப்பைப் புள்ளி புள்ளியாக நிறை நிரல்மானியில் அளந்து வேதிப்படமாக வரைவது இன்னொன்று. இவை பொருளின் மூலக்கூறையே அடையாளம் காண்கின்றன. சாயம் பொருளின் இனத்தை மட்டுமே சொல்லும்.

நுண்ணோக்கியில் தெரிவதெல்லாம் மருந்தும் இல்லை. நிலவேம்பு இலையின் புறத்தோலில் பளிச்சென்று தெரியும் சிஸ்டோலித்துகள் கால்சியம் கார்பனேட் கட்டிகள். பொடி நிலவேம்புதானா என்று அடையாளம் காண அவை உதவும். ஆண்ட்ரோகிராஃபோலைடு எவ்வளவு என்று சொல்லா. செய்பவரே செடியாக இல்லாத இலைகளும் உண்டு. பாவட்டை இனச் செடிகள் பலவற்றின் இலைகளில் கரும்புள்ளிகளாகத் தெரியும் முடிச்சுகளில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆர்டிசியா கிரெனேட்டா என்ற அழகுச் செடியின் இலையில் கண்டெடுத்த ஒரு வீரியமான பொருளைச் செய்வது அதன் இலைமுடிச்சில் வாழும் பாக்டீரியாதான் என்று பின்னர் உறுதியாயிற்று.

ஏன் இந்தப் பிரிவினை?

செடி தன் நஞ்சைப் பிரித்து வைப்பதற்கு முதற்காரணம் தற்காப்பு. பூச்சியிடமிருந்து மட்டுமல்லாமல் தன்னிடமிருந்தும். ஆர்ட்டிமிசினின் செடிகளின் வளர்ச்சியையே முடக்கும். கஞ்சாச் செடியின் கன்னபினாய்டு அமிலங்கள் அதன் இலைச்செல்களைக் கொல்லும். ஆகவே இரண்டும் உயிர்ச்செல்லுக்கு வெளியே, படலத்தடியில் வைக்கப்படுகின்றன. கிடங்கு கட்டாமல் தப்பிக்கும் செடிகளும் உண்டு. கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் மருந்து டோபோஐசோமரேஸ் நொதியைத் தாக்கும். அதைச் செய்யும் செடிகள் தம் நொதியின் அமைப்பையே மாற்றிக்கொண்டு நஞ்சோடு வாழ்கின்றன.

இரண்டாவது காரணம் சிக்கனம். மேற்பரப்புத் தூவி முதல் கடிக்கே எதிரியைத் தாக்கும். புதைந்த அறை இலை கிழியும்போது மட்டும் செலவாகும். பால்குழல் காயம் பட்ட இடத்துக்குப் பாய்ந்து வரும். எதிரி எது, இலை எவ்வளவு நாள் வாழ்கிறது என்பதற்கேற்பச் செடி தெரிவு செய்துகொள்கிறது.

கையாளும் முறைக்கு என்ன பொருள்?

சித்த மருத்துவத்தின் அகமருந்துகள் 32இல் சுரசம், சாறு, குடிநீர், கற்கம் என்று இலையைக் கையாளும் வடிவங்களே பல. கற்பூரவள்ளியை அனலில் வாட்டிப் பிழிகிறோம். நொச்சியையும் தைல இலையையும் கொதிநீரில் இட்டு வேது பிடிக்கிறோம். ஆடாதோடையைக் காய்ச்சிக் குடிநீராக்குகிறோம். தூவி எண்ணெய் உள்ள இலைக்கு ஆவி. நுண்குமிழ்ப்பைப் பொருள் உள்ள இலைக்கு நீர். எண்ணெய் அறை உள்ள இலைக்கு எண்ணெய் என்று பல இடங்களில் பொருத்தம் தெரிகிறது. ஆனால் இதை வைத்துப் பழமை எல்லாம் சரி என்று முடிவுகட்ட முடியாது. கொதிக்க வைத்தால் வீணாகும் பொருளைக் கொதிக்க வைக்கும் வழக்கமும் உண்டு. திறந்த பாத்திரத்தில் எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய துளசி நீரில் யூஜினாலின் பெரும்பகுதி அடுக்களைக் காற்றுக்குத்தான் போயிருக்கும்.

நடைமுறைக்கு நான்கு முடிவுகள் உறுதியாகச் சொல்லலாம். தூவி இலைகளை இளமையும் முதிர்ச்சியும் கூடும் பருவத்தில், பூப்பதை ஒட்டிப் பறித்து, குறைந்த வெப்பத்தில் நிழலில் உலர்த்தி, மிதிக்காமல் கட்ட வேண்டும். அறையும் எண்ணெய்ச் செல்லும் உள்ள இலைகள் சற்று முரட்டுக் கையாளலைத் தாங்கும். பொடித்த பிறகு அவையும் தாங்கா என்பதால் முழு இலையாகவே சேமிக்க வேண்டும். பால் உள்ள இலைகளில் வெட்டும் இடமும் வடியும் நேரமும் மருந்தளவை மாற்றும். நொதியும் முன்னோடியும் பிரிந்திருக்கும் இலைகளில் அரைப்பதற்கும் சூடேற்றுவதற்கும் இடையிலுள்ள நிமிடங்களை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவின் சித்த, ஆயுர்வேத மருந்துநூல்கள் ஒவ்வொரு மூலிகைக்கும் நுண்ணோக்கி விவரம் தருகின்றன. அந்த விவரம் பெரும்பாலும் போலியைக் கண்டுபிடிக்கத்தான் பயன்படுகிறது. அதே பக்கத்தில் மருந்துப்பொருள் உறையும் திசு எது, அது எந்தக் கையாளலில் இழக்கப்படும் என்ற இரண்டு வரிகளைச் சேர்த்தால், பயிரிடுவோரும் கொள்முதல் செய்வோரும் மருந்து செய்வோரும் ஒரே அளவுகோலைக் கொள்ள முடியும். அதற்கு வேண்டிய பச்சை வெட்டும் சாயமும் தமிழ்நாட்டின் எந்தத் தாவரவியல் துறையிலும் கிடைக்கும். முதுகலை மாணவர் ஒருவருக்கு ஒரு மூலிகை என்று பங்கிட்டுக்கொண்டு நம் துறைகள் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.